ரோஸ் போல் 1988: டெபெஷ் மோடின் '101'-ஐ வாங்கலாம், பூட்லெக்கை வாங்க வேண்டாம், கேட்கலாம்

தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு விசாரணைக்குப் போகலாம். சிந்தசைசர்களை வைத்துப் பாப் இசை (சிந்த்-பாப்) வாசிக்கும் இங்கிலாந்துக் குழுவான டெபெஷ் மோட், கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் ஸ்டேடியத்தில் நடத்திய கச்சேரி என்று இன்று கிடைப்பவை இரண்டு ரகம். மியூட் நிறுவனம் 1989 மார்ச்சில் வெளியிட்ட '101' ஆல்பமும் அதன் பிற்காலப் பதிப்புகளும் ஒரு ரகம். கூட்டத்தில் யாரோ சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோன ரெக்கார்டரில் பிடித்தவையும், அப்படிப் பிடித்ததாகச் சொல்லி விற்பவையும், அதாவது அனுமதியில்லாத பூட்லெக்குகள், இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். இரண்டாவதற்கு ஒரு பைசா வேண்டாம். ஆனால் இலவசமாகக் கைக்கு வந்தால் தட்டிக் கழிக்கவும் வேண்டாம், ஏனென்றால் 'சுத்தமான' ஆல்பத்தில் இல்லாத ஒன்று அந்த அழுக்கு டேப்பில் இருக்கிறது.

எசெக்ஸில் பாஸில்டன் என்ற ஊரில் 1980-ல் கிளம்பிய குழு இது. 1988-ல் மேடையில் நான்கு பேர்: பாடகர் டேவ் கஹான், பாட்டெழுதும் மார்ட்டின் கோர், ஆன்டி ஃப்ளெட்சர், ஒலியின் நுணுக்க வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்ட ஆலன் வைல்டர். 1987 அக்டோபரில் மாட்ரிட்டில் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தின் 101-ஆவது நிகழ்ச்சி இந்த ரோஸ் போல் கச்சேரி, அதுவே கடைசியும். ஆல்பத்தின் பெயர் வந்த வழி அதுதான். கலிஃபோர்னியாவின் 101 நெடுஞ்சாலையும் அதே எண் என்பது தற்செயல். 1988 ஜூன் 18 அன்று, ரோஸ் போல் இருக்கும் பாசடீனாவில் கூடியவர்கள் 60,000-க்கு மேல். முன்னதாக வயர், தாமஸ் டால்பி, ஓஎம்டி மேடையேறினார்கள். கிதார் குழுக்களுக்கே கட்டி வைத்ததுபோல் இருந்த அமெரிக்க ஸ்டேடியத்தை, டிரம் செட் இல்லாத, கீபோர்டுகள் வரிசையாக நின்ற ஒரு மேடை நிரப்பியது. அன்றைக்கு அது சாதாரண விஷயமில்லை.

அந்த மேடையில் எது கையால் வாசிக்கப்பட்டது, எது டேப்பிலிருந்து வந்தது என்பது தெரியாமல் இந்தப் பதிவுகளை எடைபோட முடியாது. தாளமும் அடிநாதத்தின் பெரும்பகுதியும் மல்டிடிராக் டேப்பில் முன்பே பதிந்து வைக்கப்பட்டிருந்தன. அதன் மேல் மூன்று பேர் சாம்ப்ளர் கீபோர்டுகளில் மெட்டுகளையும் ஒலித்துண்டுகளையும் வாசித்தார்கள், கோர் சில பாடல்களுக்கு கிதாரை எடுத்தார், கஹான் பாடினார். இதை ஏமாற்று என்று அந்தக் காலத்து ராக் விமர்சகர்கள் திட்டினார்கள். குழு டேப்பை மறைத்ததே இல்லை. நமக்கு முக்கியம் வேறு: 101 இரவுகளிலும் தாளம் ஒரே டேப்பிலிருந்து வந்தது. அதனால் ராக் குழுக்களின் பூட்லெக்குகளைத் தேடுவதுபோல 'அந்த ஊரில் சோலோவை நீட்டி வாசித்தார்கள்' என்று இங்கே தேடிப் பயனில்லை. இரவுக்கு இரவு மாறுபவை குரல், பேச்சு, கூட்டம், விபத்து, இவை மட்டும்தான். ஒரே சுற்றுப்பயணத்தின் முப்பது டேப்புகளைச் சேர்த்து வைப்பவர்களின் பொறுமை பாராட்டத்தக்கது, பின்பற்றத்தக்கது அல்ல.

சரி, அதிகாரபூர்வப் பதிப்புகள். நடமாடும் ஸ்டுடியோவில் பல டிராக்குகளில் பதிந்து பிறகு மிக்ஸ் செய்த பதிவு இது. இரட்டை சிடியில் 20 டிராக்குகள்: திரை மூடியிருக்க டேப்பில் ஓடும் 'பிம்ப்ஃப்' முன்னிசையில் தொடங்கி 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' வரை, ஏறத்தாழ 96 நிமிடம். பழைய இரட்டை எல்பியில் 17 தான். 'சேக்ரட்', 'நத்திங்', 'எ க்வெஸ்சன் ஆஃப் லஸ்ட்' மூன்றும் இடமில்லாமல் விடுபட்டவை. ஆன்டன் கார்பைனின் புகைப்படங்களுக்காக எல்பி வாங்குகிறேன் என்றால் சரி, கச்சேரிக்காக என்றால் சிடியே போதும். 2003-ல் வந்த எஸ்ஏசிடியில் (உயர்தர ஒலிவட்டு) முன்னும் பின்னும் ஸ்பீக்கர்கள் வைத்துக் கேட்கும் 5.1 மிக்ஸ் இருக்கிறது. இது ஹைப்ரிட் வட்டு, சாதா பிளேயரிலும் ஸ்டீரியோ ஓடும். பின் ஸ்பீக்கர்களில் கூட்டம் வருவதால், ஸ்டேடியத்தின் அளவு கொஞ்சமாவது புரிவது இதில்தான். பழைய வட்டு வாங்கும்போது உறையில் ஹைப்ரிட் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்தக் கச்சேரியையொட்டி எடுத்த '101' படம் தனி. டி. ஏ. பென்னிபேக்கர், கிறிஸ் ஹெகெடஸ், டேவிட் டாக்கின்ஸ் மூவரும் எடுத்தது. கச்சேரிப் படம் என்பதைவிட, நியூயார்க்கிலிருந்து பாசடீனாவுக்குப் பஸ்ஸில் வரும் இளைஞர்களையும் சுற்றுப்பயணத்தின் கணக்கு வழக்குகளையும் தொடரும் ஆவணப்படம் என்பதே பொருத்தம். 2021 டிசம்பரில் 4கே-யில் புதுப்பித்து ப்ளூரே வந்தது, கூடவே டிவிடி, சிடி எல்லாம் அடங்கிய பெட்டியும். படச்சுருளின் மணித்துகள் அப்படியே தெரிகிற, தேய்த்து மெழுகாக்காத புதுப்பிப்பு. ஆனால் 20 பாடல்களும் ஒரே ஓட்டமாக இதில் கிடைக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' பாடலில் ஸ்டேடியம் முழுக்கக் கைகள் ஆடும் காட்சிக்காக மட்டும்கூட வாங்கலாம். அந்த ஆட்டத்துக்குச் சத்தம் கிடையாது, எந்த டேப்பிலும் கேட்காது.

ஆல்பத்தின் குறை என்ன? குறை என்றால் பெரிய குறையில்லை. எல்லாம் பக்கத்தில் கேட்கிறது என்பதுதான். குரல் மைக்கிலிருந்து நேராக, கீபோர்டு வயரிலிருந்து நேராக, கூட்டம் தனி மைக்குகளிலிருந்து மிக்ஸ் செய்தவர் விரும்பிய அளவுக்கு. பாடல்களுக்கு நடுவே உள்ள காத்திருப்பு சுருக்கப்பட்டிருக்கிறது. 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' முடிந்து குழு உள்ளே போய், மறுபடி வருவதற்கு முன் 60,000 பேர் கத்திக்கொண்டே நிற்கும் நேரம் ஒரு மூச்சில் தாண்டிப் போகிறது. மேடையில் என்ன நடந்தது என்று ஆல்பம் சொல்லும். ஸ்டேடியத்தில் எப்படிக் கேட்டது என்று சொல்லாது.

எப்படிக் கேட்டிருக்கும்? கணக்குப் போடலாம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எல்லாமே 0.29 விநாடி தாமதம். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாடலில் ஒரு பீட் அரை விநாடி. சீக்வென்ஸர் (சுரங்களை வரிசையாக ஓட்டும் கருவி) வாசிக்கும் கால் பீட் சுரம் 0.125 விநாடி, அதாவது காற்றில் 43 மீட்டர் நீளம். கிண்ணம் போன்ற ஸ்டேடியத்தில் எதிர்ப்பக்கப் படிக்கட்டில் பட்டுத் திரும்பும் ஒலி 170 மீட்டர் கூடுதலாக நடந்தால், முந்தைய அடி அடுத்த அடியின் தலையில் வந்து உட்காரும். கிதாரின் நீண்ட ஒலி இதைத் தாங்கிக்கொள்ளும். சிந்த்-பாப்பின் உயிரே வறண்ட, குட்டையான, கறாரான ஒலிதான், அது குழைந்துவிடும். கூட்டத்திலிருந்து பிடித்த ஸ்டேடியப் பதிவில் 'ஸ்ட்ரிப்ட்' மாதிரி மெதுவான பாட்டு கம்பீரமாகவும், 'எ க்வெஸ்சன் ஆஃப் டைம்' மாதிரி ஓட்டமான பாட்டு சோற்றுக் கஞ்சியாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். ரெக்கார்டர் மட்டம் என்று திட்டாதீர்கள்.

ரெக்கார்டர் அன்று மட்டமாகவும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் இந்த வேலைக்குப் பேர்போனது சோனி டபிள்யூஎம்-டி6சி வாக்மேன்: வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் க்வார்ட்ஸ் கட்டுப்பாடு, கையால் வைக்கும் ரெக்கார்டிங் லெவல், இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி, சி இரண்டும், நான்கு பென்டார்ச் பேட்டரி. அதை விடச் சிறிய, ஆட்டோ லெவல் கொண்ட ரெக்கார்டரில் பிடித்தால் ஒரு நோய் உடனே தெரியும்: கூட்டம் கத்தும்போது இசை அமுங்கி, கத்தல் அடங்கியதும் இசை மெல்ல எழும், மூச்சு வாங்குவதுபோல. அதற்கு மருந்து இல்லை. அன்று மழை வேறு பெய்தது. மழையில் ஜாக்கெட்டை இழுத்து மூடினால் உள்ளே இருக்கும் மைக்கில் கூர்மையான உயர்சுரங்கள் அப்படியே செத்துவிடும். ஒரு பாட்டுக்கு நடுவில் திடீரென்று ஒலி மங்கி, பிறகு தெளிந்தால் அதற்கு டேப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்தது கேசட்டின் நீளம். சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். ஆல்பத்தின் முதல் சிடியே, இடைவெளிகள் சுருக்கிய நிலையில், 42 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஆகவே நிஜ நேரத்தில் முதல் பக்கம் தீர்வது 'தி திங்ஸ் யூ ஸெட்' முடிவிலோ 'பிளாக் செலிப்ரேஷன்' தொடக்கத்திலோதான். அங்கே ஒரு வெட்டு இல்லாமல் சி-90 பதிவு என்று யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள்: அந்த ஓட்டையை ஆல்பத்திலிருந்து எடுத்து அடைத்திருப்பார்கள். ஹெட்போனில் கேட்டால் ஒட்டுப் போட்ட இடத்தில் ஸ்டேடியம் திடீரென்று சுருங்கி அறையாகி, மறுபடி விரியும். இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டுக்கு எட்டாது, இன்னொரு கேசட் வேண்டும். சி-120 போட்டிருந்தால் நேரம் போதும், ஆனால் அந்த டேப் மெல்லியது. நீளும், சுருளும், சுருளில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்லக் கசியும்.

வேகத்தைச் சரிபார்ப்பதில் சிந்த்-பாப்புக்கு ஒரு வசதி உண்டு. ராக் குழுவின் டேப்பில் டிரம்மர் அன்று வேகமாக அடித்தாரா, கேசட் வேகமாக ஓடியதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இங்கே தாளம் இயந்திரத்தின் தாளம். அதே இரவின் அதிகாரபூர்வப் பதிவும் கையில் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரண்டையும் மேலும் கீழுமாகத் திறந்து, ஒரு பாடலின் முதல் கிக் (பெரிய டிரம்) அடிக்கும் கடைசிக் கிக் அடிக்கும் இடையே அளக்க வேண்டும். ஆல்பத்தில் 300.0 விநாடி, டேப்பில் 303.0 என்றால் டேப் ஒரு சதவீதம் மெதுவாக ஓடுகிறது. சுருதியில் அது 17 சென்ட் இறக்கம் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 303-ஐ 300-ஆல் வகுத்தால் 1.01. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையில் அந்த எண்ணைப் போடுங்கள். டெம்போவை மட்டும் மாற்றும் கட்டளை, சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை இரண்டும் இங்கே தவறு. டேப்பின் பிழை இரண்டையும் ஒன்றாகவே கெடுத்திருக்கிறது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான், பிறகு சிலம்பல் ஒலி ஒன்று வந்து சேர்ந்து அதைக் கேசட்டின் தலையில் கட்டுகிறார்கள்.

ஒரு பாட்டை அளந்ததோடு நிறுத்தவும் கூடாது. பக்கத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அளக்க வேண்டும். க்வார்ட்ஸ் இல்லாத ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்கப் பதிவின்போது டேப் மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும். கீழே இறங்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நடப்பது நேர்மாறு. வித்தியாசம் படிப்படியாக வளர்ந்தால் அது பேட்டரி. ஓர் இடத்தில் திடீரென்று தாவினால் அங்கே வெட்டு, டேப்பிலோ ஆல்பத்திலோ. 'சம்படி' பாட்டை மட்டும் இப்படி அளக்க முடியாது. கோரின் குரலும் பியானோவும்தான் அதில், கிக் அடி இல்லை. பியானோவும் மின்சாரக் கருவியே என்பதால் சுருதி நகராது, ஒரு நீண்ட சுரத்தின் அதிர்வெண்ணை ஒப்பிட்டுச் சரிசெய்யலாம்.

இதே ஒப்பீடு போலிகளையும் பிடித்துக் கொடுக்கும். வேகம் சரிசெய்த டேப்பும் ஆல்பமும் தாளத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பது எதற்கும் ஆதாரமில்லை; அதே பின்னணி டேப்தானே எல்லா ஊரிலும் ஓடியது. கஹானின் இடைக்கத்தல்கள், ஊர்ப் பெயர் சொல்லி அழைப்பது, கோர் மூச்சு விடும் இடம் இவை பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அது ரோஸ் போலே இல்லை, வேறு ஊர். மறுபக்கம், கூட்டத்தின் ஒவ்வொரு கூச்சலும்கூட ஆல்பத்தோடு ஒத்துப்போனால் அதுவும் சரியில்லை: ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி (ஃபேஸ் மாற்றி) மற்றதோடு கூட்டுங்கள். ஒலி பெரும்பாலும் அடங்கிப்போனால், எதிரொலி தூவி விற்ற ஆல்பம்தான் அது. உண்மையான கூட்டப் பதிவு ஒருநாளும் இப்படி அடங்காது.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படம் பார்ப்பது அடுத்த வேலை. ஸ்பெக் போன்ற இலவச மென்பொருள் போதும். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோடு இருந்தால், வழியில் யாரோ குறைந்த பிட்ரேட் எம்பி3 ஆக்கி, மறுபடி தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் மேலே ஒன்றுமே இல்லை என்பதால் மட்டும் எம்பி3 என்று முடிவு கட்ட வேண்டாம். கூட்டத்தில் பிடித்த பழைய கேசட்டில் 14, 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் இருக்காது. அங்கே ஒலி சரிவாகத் தேய்ந்து மறையும், வெட்டியதுபோல் நிற்காது. 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய கோடு தெரிந்தால் எஃப்எம் ஒலிபரப்பு. 15.734-ல் தெரிந்தால் அமெரிக்க வகை டிவி சிக்னலின் விசில். 'கூட்டத்திலிருந்து நேரடியாக' என்று சொன்னது வீடியோ கேசட்டிலிருந்து வந்திருக்கிறது.

மங்கலான டேப்பை ஈக்வலைசரில் ஏற்றிக் காப்பாற்றப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதி நேரம் குற்றவாளி, டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் அலைன்மென்ட்தான். பதிந்த ரெக்கார்டரின் ஹெட் கோணமும் போடும் டெக்கின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மேல் சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மோனோவில் வைத்து, ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பினால் கைத்தட்டல் ஒலி சட்டென்று கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, மறுபடி முழுசாகப் பதிய வேண்டும். கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகு இதைச் செய்ய வழியில்லை. டால்பியும் அப்படித்தான்: பி-யில் பதிந்ததை டால்பி இல்லாமல் போட்டால் கூச்சலாக இருக்கும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை டீகோட் செய்தால் போர்வைக்குள் கேட்பதுபோல் இருக்கும். அசலிலிருந்து எத்தனையாவது பிரதி என்று கேட்காமல் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஏறும், வேகப்பிழை சேரும். நல்ல பகிர்வாளர் மைக், ரெக்கார்டர், டெக், மாற்றிய முறை என்று வம்சாவளியைத் தனிக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்.

காசுக்கு விற்கும் பூட்லெக் சிடிகளின் கதை சட்டத்தோடு பிணைந்தது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இவை கடையிலேயே கிடைத்தன. வெளிநாட்டவர் வெளிநாட்டில் நடத்திய கச்சேரிக்கு ஜெர்மனியில் உள்ளூர்க் கலைஞருக்குரிய பாதுகாப்பு கிடையாது என்ற ஓட்டை. அதை அடைத்தது 1993 அக்டோபர் 20-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஃபில் காலின்ஸ் வழக்கில் தந்த தீர்ப்பு. அந்த வழக்கின் மூலமும் 1983-ல் கலிஃபோர்னியாவில் நடந்த கச்சேரிதான். அமெரிக்கா 1994 இறுதியில் கச்சேரிப் பூட்லெக்குக்கு எதிராகத் தனிச் சட்டப் பிரிவு கொண்டுவந்தது. பிரிவு எண் 1101, விசிறிகள் சிரித்துக்கொள்ளலாம். இதெல்லாம் போக, அந்தக் காலத்து வட்டுகள் ஒலியிலும் சுகமில்லை. எத்தனையாவது நகலோ தெரியாத கேசட்டிலிருந்து வெட்டி, 74 நிமிட சிடிக்குள் அடக்கப் பாடல்களைக் கழித்து, உறையில் ஊர்ப் பெயரையும் தேதியையும் தப்பாகப் போட்டு வந்தவை. அட்டைப்படம் மட்டும் பளபள என்று இருக்கும். இன்று 'ரேடியோ ஒலிபரப்பு' என்று வண்ண வினைலில் வருபவையும் இதே குடும்பம்தான். மேலே சொன்ன 19 கிலோஹெர்ட்ஸ் சோதனை வினைலில் வேலை செய்யாது என்பதால் விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் வாங்க வேண்டாம் என்பது.

குழுவே பின்னாளில் இந்தச் சந்தையின் காலை வாரியது. 2005-06 சுற்றுப்பயணத்தில் 'ரெக்கார்டிங் தி ஏஞ்சல்' என்றும், 2009-ல் தொடங்கியதில் 'ரெக்கார்டிங் தி யுனிவர்ஸ்' என்றும் ஊர் ஊராகக் கச்சேரிகளைப் பதிந்து அதிகாரபூர்வமாக விற்றார்கள். ஒலி சுத்தம், விலை நியாயம், கொஞ்சம் உலர்ந்த மிக்ஸ். 1988-க்கு அப்படி ஒன்று இல்லை.

ஆக, சிடி அல்லது எஸ்ஏசிடியை வாங்கி முழுசாகக் கேளுங்கள். பிறகு நம்பகமான ஒரு கூட்டப் பதிவு இலவசமாகக் கிடைத்தால் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' முடிவில் கருவிகள் நின்ற பிறகும் கூட்டம் பல்லவியை விடாமல் பாடும். ஆல்பத்தில் அது ஒரே அலையாக, அழகாக மிக்ஸ் ஆகி வருகிறது. டேப்பில் அப்படி வராது: மைக்குக்குப் பக்கத்தில் சுருதி சேராமல் பாடும் இரண்டு மூன்று பேர் முதலில், மேடையோரம் பாடுபவர்கள் கால் விநாடி தள்ளி, எதிர்ப்பக்கப் படிக்கட்டு இன்னும் தள்ளி, ஒரே பல்லவி மூன்று நான்கு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்தப் பாட்டு மெல்லத் தேய்ந்து மறைந்தால் யாரோ ஃபேட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு பிரதி தேடுங்கள். வெளியே போகிறவர்களின் காலடிச் சத்தமும் கடைசியில் ரெக்கார்டரை நிறுத்தும் 'டக்'கும் இருக்கிற பிரதிதான் வேண்டும்.